பக்கத்து மனைக்குச் சொந்தக்காரர் எங்கே? ஜப்பானில் நிலம் வாங்குவோர் படும் பாடு

பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் கடன் வாங்கியாவது அதை வாங்கிவிடு என்று ஜப்பானியரிடையே ஒரு பழமொழி உண்டு. இரட்டை விலை கொடுத்தாவது வாங்கு என்று சொல்வோரும் உண்டு. காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் அந்த மக்களே கடன் வாங்கச் சொல்கிறார்கள் என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கத்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். ஒரு மனையின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஜப்பானில் 1950-ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி, நகரத் திட்டப் பகுதிகளில் ஒரு மனை 4 மீட்டர் அகலமுள்ள சாலையைக் குறைந்தது 2 மீட்டராவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அதில் வீடு கட்டலாம் என்பது பொது விதி. சந்துக்குள் அடைபட்ட ஒரு மனை சாலையை ஒன்றரை மீட்டர்தான் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள பழைய வீட்டை இடித்துவிட்டால் மறுபடியும் கட்ட அநுமதி கிடைக்காது. அப்படிப்பட்ட மனையைச் சந்தையில் சீந்துவார் இல்லை. ஆனால் பக்கத்து மனையிலிருந்து அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு கிடைத்துவிட்டால் போதும், செத்த மனைக்கு உயிர் வந்துவிடும். மற்றவர்களுக்கு அந்தத் துண்டு வெறும் மண். அடுத்த வீட்டுக்காரருக்கோ அது பொன்.

இந்தப் பழமொழி இப்போது ஒரு விசித்திரமான சங்கடத்தில் சிக்கியிருக்கிறது. பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது. வாங்க ஆள் இருக்கிறது. கையில் பணமும் இருக்கிறது. விற்றேன் என்று முத்திரை குத்திக் கொடுக்கத்தான் ஆள் இல்லை!

கேரளத்தைவிடப் பெரிய அநாதை நிலம்

ஜப்பானில் 2023-ஆம் ஆண்டு எடுத்த வீட்டுக் கணக்கின்படி காலி வீடுகள் சுமார் 90 இலட்சம். நாட்டிலுள்ள மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். இவற்றில் வாடகைக்கும் விடாமல், விற்பனைக்கும் வைக்காமல், விடுமுறை வாசத்துக்கும் பயன்படுத்தாமல் சும்மா கிடக்கும் வீடுகள் மட்டும் 38 இலட்சத்துக்கு மேல்.

நிலத்தின் கதை இதைவிட மோசம். ரிஜிஸ்தர் புத்தகத்தைப் பார்த்தும் சொந்தக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாத நிலம் 2016-இல் சுமார் 41 இலட்சம் ஹெக்டேர் இருக்கும் என்று ஓர் ஆராய்ச்சிக் குழு மதிப்பிட்டது. ஜப்பானின் பெரிய தீவுகளில் ஒன்றான கியூஷுவின் பரப்பைவிட இது அதிகம். நமக்குப் புரியும்படி சொன்னால், கேரள மாநிலத்தைவிடப் பெரியது. இப்படியே விட்டால் 2040-இல் இது 72 இலட்சம் ஹெக்டேராகப் பெருகும் என்றும் அந்தக் குழு எச்சரித்தது.

படிப்பிலும் ஒழுங்கிலும் பெயர்பெற்ற ஒரு நாட்டில் இந்த அலங்கோலம் எப்படி வந்தது? காரணம் சட்டத்திலேயே இருந்தது. நிலத்தின் உரிமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறினால் அதைப் பதிவு செய்வதும் செய்யாததும் அவரவர் விருப்பம் என்று விட்டிருந்தார்கள். விலை உயர்ந்த நகர்ப்புற மனை என்றால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். மலைச்சரிவில் ஒரு துண்டு காடு, ஆளில்லாத கிராமத்தில் ஒரு பழைய வீடு என்றால் அதற்காகக் கட்டணம் கட்டி, வரி கட்டி, எழுத்தருக்குக் கூலி கொடுத்துப் பெயர் மாற்ற யார் போவார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. 1947-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு முன்பு, குடும்பத் தலைவரின் சொத்து பெரும்பாலும் மூத்த மகன் ஒருவனுக்கே போயிற்று. யுத்தத்துக்குப் பின் வந்த புதிய சட்டம் மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் என்ற பேதமின்றி, பங்கு கொடுத்தது. நியாயமான சீர்திருத்தம்தான். ஆனால் பங்கு பெருகிய வேகத்துக்குப் பதிவு பெருகவில்லை.

உதாரணமாக, 1960-இல் இறந்த ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். யாரும் பெயர் மாற்றவில்லை. அந்த ஐவரும் காலமான பின் ஆளுக்கு மூன்று பேர் வீதம் 15 வாரிசுகள். அவர்களில் சிலரும் போய்விட்டால் அவர்களுடைய மனைவி மக்கள். இப்படி முப்பது நாற்பது பேர் ஆகிவிடுகிறது. ஒருவர் ஒஸாகாவில், ஒருவர் பிரேஸிலில், மற்றொருவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. ரிஜிஸ்தரிலோ 1960-இல் இறந்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்! பொதுச் சொத்து முழுவதையும் விற்க வேண்டுமானால் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் அகப்படாவிட்டாலும் கிரயம் நின்றுபோகும். பாட்டன் பெயரில் பட்டாவை வைத்துக்கொண்டு பேரன்மார் தவிக்கும் காட்சியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய கதை அல்ல.

வரியும் தன் பங்குக்குக் கெடுதல் செய்தது. வீடு நிற்கும் மனையில் முதல் 200 சதுர மீட்டருக்கு நில வரி கணக்கிடும் மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. வீட்டை இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே பாழடைந்த வீட்டை அப்படியே நிற்க விடுவதே இலாபம் என்று ஆயிற்று. இந்த வழியை அடைக்க 2023 டிசம்பரில் ஒரு திருத்தம் அமுலுக்கு வந்தது. பராமரிக்காமல் விட்ட காலி வீடு என்று நகரசபை எச்சரித்தும் கேளாதவருக்குச் சலுகை பறிபோகும்.

சுனாமி கற்பித்த பாடம்

2011 மார்ச் மாதம் வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் கடற்பெருக்கும் தாக்கின. கடலோர மக்களை மேட்டு நிலங்களில் குடியேற்ற சர்க்கார் திட்டம் போட்டது. பணம் இருந்தது, திட்டமும் தயார். ஆனால் மேட்டு நிலம் யாருடையது என்று தேடிப் போனால், தாத்தா காலத்துப் பெயர்களே ரிஜிஸ்தரில் இருந்தன. வாரிசுகளைத் தேடுவதிலேயே காலம் கழிந்தது. வீடிழந்தவர்கள் தற்காலிகக் கொட்டகைகளில் காத்திருந்தார்கள். சொந்தக்காரர் தெரியாத நிலம் என்பது ஏதோ இரண்டு அண்டை வீட்டார் விவகாரம் என்று நினைத்திருந்த நாடு அப்போதுதான் விழித்துக்கொண்டது.

2021-இல் பார்லிமெண்ட் சட்டங்களைத் திருத்தியது. அதன்படி 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவு கட்டாயம். நிலம் தமக்கு வந்ததை அறிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் ஒரு இலட்சம் யென் வரை அபராதம். இதில் முக்கியமான ஷரத்து, சட்டம் வருவதற்கு முன்பே நேர்ந்த மரணங்களுக்கும் இது செல்லும் என்பது. பழைய பாக்கிகளுக்குப் பொதுவாக வைத்த கெடு 2027 மார்ச் 31. சொந்தக்காரர் விலாசம் மாறினால் இரண்டு வருஷத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதிக்கு அமுல் தேதி 2026 ஏப்ரல் 1. தவறினால் அபராதம் 50,000 யென் வரை.

பாகப்பிரிவினை முடியாத குடும்பங்களுக்கு ஒரு சுலப வழியும் வைத்தார்கள். நான் இன்னாருடைய வாரிசு என்று ஒருவர் தனியாகவே மனுக் கொடுத்துத் தம் கடமையிலிருந்து விடுபடலாம். வாங்க நினைக்கும் அண்டை வீட்டாருக்கு இதனால் ஓர் அநுகூலம்: கடிதம் போட ஒரு பெயரும் விலாசமும் கிடைக்கும். ஆனால் அந்த ஒருவரால் நிலத்தை விற்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. பெயர் கிடைப்பது வேறு, சம்மதம் கிடைப்பது வேறு. இந்தச் சட்டம் முதலாவதைத்தான் தரும்.

அடுத்த வீட்டாருக்குக் கிடைத்த ஆயுதங்கள்

2023 ஏப்ரல் 1-இல் அமுலுக்கு வந்த சிவில் சட்டத் திருத்தங்கள் அண்டை வீட்டாருக்குச் சில புதிய வழிகளைத் திறந்துவிட்டன.

முதலாவது வேடிக்கையானது. பக்கத்து மரத்தின் வேர் நம் நிலத்துக்குள் வந்தால் வெட்டலாம், கிளை வந்தால் வெட்டக் கூடாது என்பது அங்கே பழைய சட்டம். கிளையை வெட்டும்படி சொந்தக்காரரைத்தான் கேட்க வேண்டும். சொந்தக்காரரே இல்லாத மனையில் யாரைக் கேட்பது? இப்போது, சொல்லியும் தக்க காலத்துக்குள் வெட்டாவிட்டாலும், சொந்தக்காரர் யார் என்று தெரியாவிட்டாலும், அவசரம் நேர்ந்தாலும் தாமே வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது பெரியது. சொந்தக்காரர் தெரியாத நிலத்துக்கு ஒரு நிர்வாகியை நியமிக்கும்படி அக்கறை உள்ளவர் ஜில்லாக் கோர்ட்டில் மனுச் செய்யலாம். கோர்ட்டின் அநுமதி பெற்று அந்த நிர்வாகி நிலத்தை விற்கவும் முடியும். மூன்றாவது, பங்காளிகளில் சிலரைக் கண்டுபிடிக்க முடியாதபோது, அவர்களுடைய பங்கின் மதிப்பைக் கட்டிவிட்டு, மற்றப் பங்காளி அதைப் பெற்றுக்கொள்ளக் கோர்ட்டு அநுமதிக்கலாம். பரம்பரைச் சொத்தாக இருந்தால் இறந்து 10 வருஷம் கடந்திருக்க வேண்டும்.

வாரிசே இல்லாமல் போனாலும், இருந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாலும், குடும்பக் கோர்ட்டு ஒருவரை நியமித்துச் சொத்தைப் பைசல் செய்யும். கடன் போக மிஞ்சியது கஜானாவுக்கு. இவ்வாறு 2023-ஆம் நிதியாண்டில் ஜப்பான் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்த தொகை 10,000 கோடி யென்னுக்கு மேல். ஆண்டவன் கொடுத்த செல்வத்தை அநுபவிக்க ஆளில்லாத நாடு ஒன்று உண்டென்றால் இதுதான்!

இவையெல்லாம் நல்ல வழிகளே. ஆயினும் இவற்றில் இறங்குபவர் கோர்ட்டில் முன்பணம் கட்ட வேண்டும், வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிலத்தின் விலையைவிடச் செலவு அதிகமாவதும் உண்டு. கிராமத்து மனைகள் பல அப்படியே கிடப்பதற்கு இதுவே காரணம்.

சர்க்காரே தயங்கும் நிலம்

வேண்டாத பரம்பரை நிலத்தைச் சர்க்காரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று 2023 ஏப்ரல் 27 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. சும்மா வாங்கிக்கொள்வதில்லை. பராமரிப்புக்காக ஒரு தொகை கட்ட வேண்டும். சாதாரண நிலத்துக்கு அது 2 இலட்சம் யென். அதிலும் எல்லா நிலத்தையும் ஏற்பதில்லை. கட்டடம் நிற்கும் நிலம் கூடாது. அடமானம் உள்ள நிலம் கூடாது. மண்ணில் விஷப் பொருள் கலந்திருக்கக் கூடாது. எல்லை தெளிவில்லாத நிலமும், சொந்தம் யார் என்பதில் தகராறு உள்ள நிலமும் கூடவே கூடாது.

இந்தப் பட்டியலை நிலம் வாங்குபவர் ஒவ்வொருவரும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். இனாமாகக் கொடுத்தாலும் சர்க்கார் எதை வேண்டாம் என்கிறதோ, அதை விலை கொடுத்து வாங்குமுன் நாம் எத்தனை முறை யோசிக்க வேண்டும்!

கயிறு நீண்ட கதை

எல்லை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெய்ஜி சக்கரவர்த்தி காலத்தில், 1873-இல் தொடங்கிய நில வரிச் சீர்திருத்தத்தின்போது, கிராமத்தாரே கயிறு பிடித்து நிலத்தை அளந்தார்கள். அளவு குறைந்தால் வரி குறையும் அல்லவா? ஆகவே பல இடங்களில் கயிறு தாராளமாயிற்று. ரிஜிஸ்தரில் உள்ள அளவைவிட நிஜமான நிலம் பெரிதாக இருப்பதற்கு ஜப்பானியர் கயிறு நீளுதல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வரைபடங்களின் வழிவந்த படங்கள் பல ஊர்களில் இன்னும் உபயோகத்தில் இருக்கின்றன. 1951-இல் நாடு முழுவதும் புதிய சர்வே தொடங்கினார்கள். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அது பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறது.

எனவே காகிதத்தில் உள்ள அளவை நம்பிக் கிரயம் பேசுவது ஆபத்து. லைசென்ஸ் பெற்ற நில அளவையாளரை வைத்து, சுற்றிலும் உள்ள சொந்தக்காரர்கள் எல்லோரும் கூட நின்று எல்லைக்கல்லைக் காட்டி, ஒப்புக்கொண்டோம் என்று எழுதி முத்திரையிட்ட பத்திரம் வாங்க வேண்டும். மனையில் ஒரு துண்டை மட்டும் பிரித்து வாங்குவதாக இருந்தால் இது இல்லாமல் நடக்கவே நடக்காது. தகராறு வந்தால் எல்லையை நிர்ணயித்துச் சொல்லும் ஏற்பாடு 2006 ஜனவரி முதல் பதிவு இலாகாவிடமே இருக்கிறது.

அநுபவ பாத்தியமும் அங்கே உண்டு. சொந்தம் என்று எண்ணிப் பகிரங்கமாகவும் தகராறின்றியும் 20 வருஷம் அநுபவித்தவர் அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடலாம். ஆரம்பத்தில் நல்லெண்ணத்தோடும் கவனப் பிசகின்றியும் பிடித்தவருக்கு 10 வருஷமே போதும். பக்கத்து மனையின் மறுபுறத்தில் இன்னொருவர் சுவர் ஓரடி உள்ளே வந்திருந்தால், அதை வாங்குமுன் பார்க்க வேண்டுமே தவிர, வாங்கிய பின் பார்த்துப் பயனில்லை.

புத்தகத்தில் இருப்பதெல்லாம் உண்மையா?

ஜப்பானில் யாருடைய நிலத்தின் பதிவையும் யார் வேண்டுமானாலும் சில நூறு யென் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். இது பெரிய வசதி. நம் ஊரில் வில்லங்க சர்டிபிகேட் பார்ப்பது போல் முதல் வேலையாக இதைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது நாலு விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

ஒன்று, அங்கே நிலம் ஒரு சொத்து, கட்டடம் தனிச் சொத்து. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. நிலம் ஒருவருடையதும் அதன்மேல் உள்ள வீடு மற்றொருவருடையதுமாக இருப்பது சர்வசாதாரணம். நிலத்தை வாங்கிவிட்டு, வீட்டுக்காரரின் குத்தகை உரிமையைக் கண்டு திகைப்பவர் உண்டு. பதிவே இல்லாத பழைய வீடுகளும் இருக்கின்றன.

இரண்டு, தூங்கும் அடமானம். மெய்ஜி, தைஷோ காலத்தில் சில பத்து யென்னுக்கு எழுதிய அடமானம் இன்றும் ரிஜிஸ்தரில் அழியாமல் கிடக்கும். கடன் தீர்ந்து நூறு வருஷமாகியிருக்கும், ரத்துச் செய்யத்தான் ஆளில்லை. கடன் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அசலையும் வட்டியையும் கட்டிவிட்டு ரத்துச் செய்ய வழி உண்டு. பழைய சில்லறைத் தொகை என்பதால் பெரும்பாலும் சுலபம். ஆனால் இதை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகே பணம் தர வேண்டும்.

மூன்று, நிலத்தின் வகை. விளைநிலம் என்றிருந்தால் 1952-ஆம் ஆண்டின் விளைநிலச் சட்டப்படி உள்ளூர் விவசாயக் கமிட்டியின் அநுமதி தேவை. அநுமதி இல்லாத கிரயம் செல்லாது. வீட்டோடு ஒட்டிய காய்கறித் தோட்டம்தானே என்று அலட்சியமாக இருந்தவர்கள் வீட்டை மட்டும் பெற்றுத் தோட்டத்தை இழந்துவிடக் கூடும்.

நான்கு, மிகவும் முக்கியமானது. ஒரே நிலத்தை இருவருக்கு விற்றால் முதலில் பதிவு செய்தவருக்கே சட்டம் துணை நிற்கும். ஆனால் ரிஜிஸ்தரில் உள்ள பெயரை நம்பி வாங்கினேன் என்ற ஒன்றே போதுமான பாதுகாப்பு ஆகாது. அந்தப் பெயர் உண்மைச் சொந்தக்காரருடையது இல்லை என்று பின்னால் தெரிந்தால், பொதுவாக வாங்கியவருக்குத்தான் நஷ்டம்.

பெரிய புள்ளிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2017-இல் டோக்கியோவின் கோடான்டா பகுதியில் மூடிக் கிடந்த ஒரு பழைய விடுதியின் நிலத்தை 700 கோடி யென்னுக்குப் பேசி வாங்க முற்பட்டது ஸெகிஸுயி ஹவுஸ் என்ற பிரபல வீடு கட்டும் கம்பெனி. விற்க வந்த பெண்மணி சொந்தக்காரரே அல்ல! போலிப் பாஸ்போர்ட்டோடு வேஷம் போட்டு வந்தவர். இடையில் உண்மைச் சொந்தக்காரர் பெயரில், நான் யாருக்கும் விற்கவில்லை என்று கம்பெனிக்குக் கடிதங்கள் வந்தன. யாரோ காரியத்தைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று கம்பெனி அவற்றைத் தள்ளிவிட்டது. பணம் கைமாறிய பிறகு பதிவு இலாகா மனுவை நிராகரித்தது. நஷ்டம் சுமார் 555 கோடி யென். மறு வருஷம் கும்பலைச் சேர்ந்த பலர் கைதானார்கள்.

கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் கம்பெனிக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்: விடுதி அம்மாளின் முகம். அண்டை நிலத்தை வாங்குபவருக்குள்ள பெரிய பலம் இதுதான்.

வெளிநாட்டார் கவனிக்க

ஜப்பானில் நிலம் வாங்க அந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டியதில்லை. அங்கே வசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளிநாட்டார் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்த 1925-இல் இயற்றிய ஒரு சட்டம் புத்தகத்தில் இருக்கிறதே ஒழிய, யுத்தத்துக்குப் பிறகு அதன்கீழ் கட்டுப்பாட்டு உத்தரவு எதுவும் நடைமுறையில் இல்லாமலே காலம் போயிற்று. ஆனால் காற்று மாறுகிறது. ராணுவத் தளங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும் எல்லைத் தீவுகளிலும் நில உபயோகத்தைக் கண்காணிக்கும் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 செப்டம்பரில் முழுமையாக அமுலுக்கு வந்தது. அதில் விசேஷப் பகுதிகளாகக் குறித்த இடங்களில் 200 சதுர மீட்டரும் அதற்கு மேலும் வாங்கினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இந்த விதி ஜப்பானியருக்கும் உண்டு. ஹொக்கைடோ மாகாணம் தன் நீர்ப்பிடிப்பு நிலங்களைக் காக்க 2012 முதலே, மூன்று மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2025 ஜூலை மேல்சபைத் தேர்தலில் வெளிநாட்டார் விவகாரம் பெரிதும் அடிபட்டது. அக்டோபரில் பதவியேற்ற பிரதமர் சானே தகாய்ச்சியின் சர்க்கார், நிலம் வாங்கும் விதிகளையும் மறு பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே நண்பர் மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய கதையைக் கேட்டுக்கொண்டு இறங்காமல், அன்றைய விதியை அன்று விசாரிக்க வேண்டும்.

நிலம் வாங்கினால் குடியிருக்க விசா கிடைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கிடைக்காது. வெளிநாட்டில் வசித்துக்கொண்டு வாங்குபவர் 20 நாட்களுக்குள் பாங்க் ஆப் ஜப்பான் மூலம் நிதி மந்திரிக்கு அறிக்கை தர விதி இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், வெளிநாட்டில் வசிக்கும் சொந்தக்காரர் ஜப்பானுக்குள் தம்மைத் தொடர்புகொள்ள ஒருவரைப் பற்றிய விவரத்தையும் பதிவில் சேர்க்கிறார்கள். வாங்கியவரே பிற்காலத்தில் காணாமற்போன சொந்தக்காரர் ஆகிவிடக் கூடாது என்பதற்கே இந்த முன்னேற்பாடு.

டோக்கியோவின் நிஷிகசாய் போன்ற இடங்களில் நம்மவர் கணிசமாக வாழ்கிறார்கள். அங்கே சம்பாதித்து வாங்கிய சொத்தை, ஊர் திரும்பிய பின்னும் வைத்துக்கொள்ள இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டம் அநுமதிக்கிறது. இந்தியாவில் வசித்துக்கொண்டே வெளிநாட்டில் வாங்குபவர் ரிஸர்வ் பாங்க் வகுத்த திட்டப்படி ஒரு நிதியாண்டில் 2.5 இலட்சம் டாலர் வரை அனுப்பலாம். இந்தியாவில் வசிப்பவர் என்ற கணக்கில் வருமான வரி கட்டுபவர் அந்தச் சொத்தை வருமான வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும். ஜப்பானில் வில்லங்கமில்லாமல் வாங்கிவிட்டு இங்கே வில்லங்கத்தைத் தேடிக்கொள்வானேன்?

காலம் என்ற தரகர்

மேலே சொன்னவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அண்டை மனையை வாங்குவதில் பணத்தைக் காட்டிலும் காலமே முக்கியம். வீட்டில் எண்பது வயதுக் கிழவர் ஒருவர் தனியே இருக்கிறார். அவர் நல்ல நினைவோடு இருக்கும்வரை சொந்தக்காரர் ஒருவர், எல்லைக்கல் எங்கே என்று காட்ட அவரே சாட்சி, முத்திரை குத்தவும் அவரே போதும். அவருக்கு மறதி நோய் வந்துவிட்டால் அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. குடும்பக் கோர்ட்டு ஒரு பாதுகாவலரை நியமிக்க வேண்டும். அவர் குடியிருந்த வீட்டை விற்கக் கோர்ட்டின் தனி அநுமதியும் வேண்டும். அவர் காலமாகி, பிள்ளைகள் பதிவு செய்யாமலே காலம் ஓடினால் முன்பு சொன்ன முப்பது நாற்பது பேர் கணக்கு ஆரம்பமாகிவிடும்.

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு முதியவரை நச்சரிக்கச் சொல்லவில்லை. அது பாவம். அதோடு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் முடித்த கிரயம் பிற்பாடு, அப்பாவுக்கு அப்போது நினைவு சரியில்லை என்ற வழக்காகவும் திரும்பும். விற்கும் எண்ணம் வந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவரிடமும் பிள்ளைகளிடமும் சேர்த்துச் சொல்லிவைப்பது கௌரவம். நியாய விலை பேசி, லைசென்ஸ் பெற்ற தரகரின் எழுத்து விளக்கத்தை மொழி தெரிந்தவரைக் கொண்டு வரிக்கு வரி படித்து, பதிவு எழுத்தர் எல்லாத் தஸ்தாவேஜுகளையும் சரிபார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பணத்தைக் கைமாற்றி, அன்றைய தினமே பதிவுக்குக் கொடுத்துவிட்டால் பயமில்லை.

சட்டம் இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு உயிரோடு இருப்பவர் பெயரை எழுதச் சொல்கிறது. நல்ல காரியம். அதனால் நாளடைவில் அநாதை நிலம் குறையலாம். ஆனால் சிதறிப்போன குடும்பத்தை எந்தச் சட்டமும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைக்காது. கடன் வாங்கியாவது பக்கத்து நிலத்தை வாங்கு என்று சொன்ன பெரியவர்கள் காலத்தில், அந்த நிலத்துக்காரர் வேலிக்கு அப்பால் நின்று பேசிக்கொண்டிருந்தார். இன்று வாங்க விரும்புபவர் அந்தப் பழமொழிக்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்: வேலிக்கு அப்பால் ஆள் இருக்கும்போதே பேசு.